உங்களுக்குத் தெரியுமா? யாழ்ப்பாணத்துக்கு அருகிலும் தேசியப் பூங்காக்கள் உண்டு

தேசியப் பூங்கா என்றதும் யாலவும் வில்பத்துவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நெடுந்தீவின் ஒரு பகுதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகள் சரணாலயம். மாரி காலத்தில் பூநாரைகளும் வலசை வரும் நீர்ப்பறவைகளும் அதன் நீரேரியில் கூடுகின்றன. நெடுந்தீவில், ஐரோப்பியர் ஆட்சியில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலிகளாக மேய்கின்றன. இந்த நிலங்களை மக்கள் நடந்து பார்க்க ஒழுங்கான பாதைகள் வேண்டும். யாலவில் வாகனத்தை விட்டு இறங்கத் தடை இருப்பதற்கு யானையும் சிறுத்தையும் காரணம். நெடுந்தீவில் அவை இல்லை. 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை எல்லோரும் கால்நடையாகவே போய்வருகிறார்கள். 1872இல் உருவான அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில், கரடிகள் உலவும் காட்டிலேயே நடைபாதைகள் உண்டு.

ஆட்கள் நடந்தால் பறவைகள் கலையும் என்பது நியாயமான அச்சம். ஆகவே பாதை நீர்க்கரையிலிருந்து விலகியே போகவேண்டும். சுண்டிக்குளம் போர் நடந்த மண் என்பதால், கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்த வழியைத் தவிர வேறெங்கும் கால் வைக்க விடக்கூடாது. இவற்றைவிடக் கனமானது, பூங்கா எல்லை தங்கள் தொழிலைப் பறித்துவிடும் என்ற மீனவரின் கவலை. அவர்களின் தொழிலுரிமையை எழுத்தில் உறுதிசெய்து, அந்த ஊரவரையே வழிகாட்டிகளாக அமர்த்தாமல் ஒரு பாதையும் திறக்கக்கூடாது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போகிறவர்களே, கோடையில் குதிரைகள்கூடத் தண்ணீருக்குத் தவிக்கும் தீவு அது. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.