அரை மணி நேர சாதகம்

நாலு மணிக்கு எழுந்து சாதகம் பண்ணு என்று கேட்டு வளராத சங்கீத மாணவர் குறைவு. அகாரத்தில் சரளி, ஜண்டை, அலங்காரம், எல்லாம் மூன்று காலத்திலும். மணிக்கணக்காக நீளும் இதற்கு அசுர சாதகம் என்றே பெயர்.

கூடலூரை அடுத்த ஓவேலியில் அந்த அறிவுரை எடுபடாது. இருட்டில் யானை நடமாடும் ஊர் அது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் ஒரே சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. நாளெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்தவர் பக்கத்தில் உறங்கும்போது யாருக்கு வயலினை எடுக்க மனம் வரும்? இங்கே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பள்ளி விட்டு வந்தபின் அரை மணி நேரம். அதனால் என்ன வந்துவிடும் என்று அந்தப் பிள்ளையைத் துவள விடுவது அநியாயம்.

நேரம் முக்கியமில்லை என்பதல்ல. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் எழுதிய கட்டுரை, முதல்தரமானவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகப் பயின்றதாகச் சொன்னது. அந்த எண் உலகெங்கும் பரவியது. அதே கட்டுரையில் இருந்த தூக்கக் கணக்கு பரவவில்லை. அந்த முதல்தரக்காரர்கள் வாரத்துக்குச் சுமார் 60 மணி நேரம் தூங்கினார்கள். இசை ஆசிரியர் படிப்பில் இருந்தவர்களோ 55 மணி நேரத்துக்கும் குறைவு. முதல்தரக்காரர்கள் மதியத்தில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். பயிற்சியையும் ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளி விட்டுத்தான் செய்தார்கள்.

ஓவேலிப் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமானது 2009-இல் அமெரிக்காவில் ராபர்ட் டியூக் குழு செய்த ஆய்வு. 17 பியானோ மாணவர்களுக்கு ஷோஸ்தகோவிச்சின் இசையிலிருந்து ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, வேண்டிய நேரம் பயிலச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்கவைத்துத் தரம் பிரித்தார்கள். எவ்வளவு நேரம் பயின்றார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் தரத்துக்கும் சம்பந்தமே தெரியவில்லை. நன்றாக வாசித்தவர்கள் பிழை விழுந்த இடத்திலேயே நின்றார்கள். வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துச் சரிசெய்தார்கள். மற்றவர்களும் பிழை செய்தார்கள். அதே பிழையை மறுபடி மறுபடி வாசித்தார்கள். பிழையும் பழகிப் போகும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

நம் ஆசிரியர்கள் சங்கதி உதைக்கும்போது விளம்ப காலத்துக்கு இறக்கிப் பாடவைப்பதும் இதற்காகத்தான். வர்ணம் முழுவதையும் ஐந்து தடவை ஓட்டுவதைவிட, தடுமாறும் இரண்டு ஆவர்த்தனங்களில் பத்து நிமிடம் உட்காருவது மேல். களைப்பு வந்தால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடலாம். கற்றது மூளையில் படிவதற்குத் தூக்கமும் துணை செய்கிறது.

வலியைப் பல்லைக் கடித்துத் தாண்டச் சொல்லும் வழக்கத்தை மட்டும் உடனே கைவிட வேண்டும். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1964-இல், முப்பத்தாறு வயதில், வலது கையின் இரு விரல்கள் தானாக மடங்கத் தொடங்கின. அவர் பயிற்சியைக் கூட்டினார். கை மேலும் மோசமானது. தசைகளைத் தன் போக்கில் இழுக்கும் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு அது. பல ஆண்டுகள் இடது கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்தார். 1990-களில் போடாக்ஸ் ஊசி சிகிச்சைக்குப் பிறகுதான் இரு கைகளாலும் மேடையில் தொடர்ந்து வாசிக்க முடிந்தது. விரல் மரத்தாலோ மடங்கினாலோ, குரல் நாள்கணக்கில் கரகரத்தாலோ, சாதகத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.