முதலில் வந்தது செல்லும்

தொலைவிலுள்ள சர்வர்களைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐபி முகவரி, பயனர் பெயர், போர்ட் எண், சாவிக் கோப்பு என்று ஒவ்வொரு முறையும் முழ நீளத்துக்குத் தட்டச்சு செய்யாமல் எஸ்எஸ்எச்சில் நுழைய வழி உண்டா?

உண்டு. ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்றொரு கோப்பு போதும். இல்லையென்றால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். 'ஹோஸ்ட்' வரியில் நாம் விரும்பும் செல்லப்பெயர், அதன் கீழ் ஹோஸ்ட்நேம், யூசர், போர்ட், ஐடென்டிட்டிஃபைல். பிறகு அந்தச் செல்லப்பெயரைச் சொன்னாலே கதவு திறக்கும். எஸ்சிபி, ஆர்சிங்க், கிட் ஆகியவற்றுக்கும் அதே பெயர் செல்லும். இன்னொரு சர்வரைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றால் ப்ராக்ஸிஜம்ப் என்று ஒரு வரி.

எனக்கு இதில் தீராத வியப்பு, இந்தக் கோப்பு படிக்கப்படும் விதம். பல மென்பொருள்களில் கடைசியாக எழுதிய அமைப்புதான் நிற்கும். இங்கே தலைகீழ். பஸ்ஸில் ஜன்னல் வழியே முதலில் துண்டு போட்டவருக்கே சீட் என்பதுபோல, முதலில் கிடைத்த மதிப்பே நிலைக்கும். பின்னால் வருவது தள்ளப்படும். எல்லா சர்வருக்கும் பொருந்தும் 'ஹோஸ்ட் *' பகுதியை மேலே வைத்து அதில் ஒரு யூசரை எழுதிவிட்டால், கீழே தனித்தனியாக எழுதிய யூசர்கள் எல்லாம் வீண். தனியானவை மேலே, பொதுவானது அடியில். ஐடென்டிட்டிஃபைல் மட்டும் விதிவிலக்கு: சாவிகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்துகொண்டே போகும், வரிசையாக முயலப்படும். சாவிகள் அதிகமானால், சரியான சாவிக்கு முறை வருமுன்பே சர்வர் கதவைச் சாத்திவிடலாம். 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்' என்று எழுதி, அந்த சர்வருக்குரிய சாவியை மட்டும் குறிப்பிடுவது நல்லது. எந்த அமைப்பு கடைசியில் நின்றது என்று பார்க்க, எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய எழுத்து 'ஜி' சேர்த்துக் கேட்டால் இணையாமலேயே பட்டியல் தரும்.

இத்தனை வசதியுள்ள கோப்பில் பலர் 'ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் நோ' என்று எழுதிவைப்பதைப் பார்க்கையில் மனம் வலிக்கிறது. எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று சோதித்து, ஐயமிருந்தால் தடுக்கும் காவலை அந்த ஒரு வரி தளர்த்திவிடுகிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோன பிறகுதான் 1995இல் தாத்து யூலோனன் எஸ்எஸ்எச்சையே எழுதினார். சில விநாடி எரிச்சலுக்காக அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கலாமா? முதல் இணைப்பில் வரும் கேள்விதான் தொல்லை என்றால், 'நோ'வுக்குப் பதில் 'அக்செப்ட்-நியூ' என்று எழுதுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6 பதிப்பில், 2017இல் வந்த வசதி இது: புதிய சர்வரின் சாவியைக் கேட்காமல் ஏற்கும்; தெரிந்த சர்வரின் சாவி மாறியிருந்தால் இணைய மறுத்துவிடும்.