டிஸ்கஸ் மீன்: குஞ்சுகளைக் காப்பது எப்படி?

கப்பி, மோலி போன்ற குட்டி போடும் வண்ண மீன்களை வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து விலை கூடிய மீன்களை நாடுவது இயல்பு. அவற்றுள் ஒன்று டிஸ்கஸ். தட்டுப் போன்ற வட்ட உடல் கொண்ட இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை ஆகும்.

டிஸ்கஸ் வளர்ப்பில் பலர் ஒரே கட்டத்தில் நட்டம் அடைகின்றனர். முட்டை பொரிக்கிறது, குஞ்சுகள் நீந்துகின்றன, அடுத்த சில நாட்களில் அனைத்தும் இறந்துவிடுகின்றன. பெற்றோர் முட்டையைத் தின்றுவிடுமோ என அஞ்சி, குஞ்சுகளைத் தனியே பிரித்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

தோலே தாய்ப்பால்

டிஸ்கஸ் குஞ்சுகளின் முதல் உணவு பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழையே ஆகும். தாய், தந்தை ஆகிய இரண்டும் இதைச் சுரக்கின்றன. குஞ்சுகள் அவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு இக்கோழையைக் கொத்தித் தின்னும். முட்டையிட்டது முதல் இக்கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுவதும், குஞ்சு பொரித்த மூன்றாவது வாரம் வரை அவை உயர்ந்த அளவில் இருப்பதும் 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தன. கன்றுக்குச் சீம்பால் எப்படியோ, அப்படியே இக்குஞ்சுகளுக்கு இக்கோழை. எனவே, பெற்றோரின் உடல்நலமும் அமைதியுமே குஞ்சுகளின் உயிர் எனலாம்.

இணை சேர்த்தல்

வெளித்தோற்றத்தைக் கொண்டு ஆண், பெண் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே, நலமான 6 முதல் 8 இளம் மீன்களை வாங்கி ஒன்றாக வளர்ப்பது நல்லது. ஏறத்தாழ ஓராண்டில் அவை தாமே இணை சேரும். அதுவரை வருமானம் இராது என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். இணை சேர்ந்த இரண்டு மீன்கள் ஒரு மூலையைக் காத்து நின்று மற்றவற்றை விரட்டும். அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டு பெண் மீன்கள் இணைபோல் நடந்துகொள்வதும் உண்டு. அப்போது முட்டைகள் அனைத்தும் வெளுத்துப்போகும்.

தொட்டியும் நீரும்

ஓர் இணைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை அடி உள்ள கண்ணாடித் தொட்டி போதும். அடியில் மணலோ கல்லோ இடக்கூடாது. ஒரு பஞ்சு வடிகட்டியும், முட்டையிடுவதற்குச் செங்குத்தாக நிறுத்திய மண் கூம்பு அல்லது பி.வி.சி. குழாய்த் துண்டும் போதுமானவை. ஆள் நடமாட்டமும் இரைச்சலும் இல்லாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். நீரின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ஹீட்டர் இன்றியமையாதது.

கடின நீரில் மீன் வளர்ந்தாலும் முட்டை சரிவரக் கருவுறாது. இனப்பெருக்கத்திற்குக் கார அமில நிலை 6 முதல் 6.5 வரை உள்ள மென்னீர் ஏற்றது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமானது. மீன் வாங்கும் முன்பே நீரை ஆய்வு செய்துகொள்ள வேண்டும். நீர் கடினமாயின், முதல் மழையை வழியவிட்டு, பின்னர்ச் சுத்தமான மாடியிலிருந்து பிடித்த மழைநீரையோ, ஆர்.ஓ. நீரையோ கலந்து பயன்படுத்தலாம். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் காற்றேற்றி வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

முட்டை முதல் குஞ்சு வரை

முட்டைகள் ஏறத்தாழ இரண்டரை நாட்களில் பொரிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் குஞ்சுகள் கூம்பிலேயே ஒட்டித் துடித்துக்கொண்டிருக்கும். பின்னர் நீந்தி, பெற்றோரின் உடலைச் சேரும். முதல் முறை முட்டையிடும் இணை முட்டைகளைத் தின்றுவிடுவது உண்டு. இதற்காக அவற்றை விற்றுவிட வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறைக்குள் பல இணைகள் பழகிவிடும். பழகாதவற்றுக்குக் கூம்பைச் சுற்றி வலை கட்டலாம். பெற்றோர் முட்டைகளின் அருகிலேயே இருக்கும்; தின்ன இயலாது. குஞ்சுகள் நீந்தும் முன் வலையை எடுத்துவிட வேண்டும்.

குஞ்சுகள் நீந்தும் நாட்களில் மூன்று செயல்கள் முக்கியம்:

1. நீர் மட்டத்தைக் குறைத்தால் குஞ்சுகள் பெற்றோரை எளிதில் அடையும்.

2. இரவில் மங்கிய விளக்கு ஒன்று எரிய வேண்டும். இருளில் பெற்றோரைப் பிரிந்த குஞ்சு பட்டினியால் இறக்கும்.

3. குஞ்சுகளை இழுத்துச் செல்லாதபடி வடிகட்டியின் காற்றைக் குறைக்க வேண்டும்.

தீவனமும் பிரித்தலும்

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய நான்கு, ஐந்து நாட்களுக்குப் பின் ஆர்ட்டீமியா நுண்குஞ்சுகளைத் தரலாம். ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையை இட்டு, வெளிச்சத்தில் இடைவிடாது காற்றேற்றினால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிக்கும். நல்ல நீரில் அலசி, சிறிது சிறிதாக நாளுக்குப் பலமுறை இட வேண்டும். மிச்சமாகும் தீவனத்தை உறிஞ்சி எடுத்து, நாள்தோறும் கால் பங்கு நீரை அதே வெப்பமுள்ள நீரால் மாற்ற வேண்டும்.

இரண்டு முதல் மூன்று வாரங்களுக்குள் குஞ்சுகளின் வயிறு ஆர்ட்டீமியாவால் சிவந்து நிறைந்திருந்தால் பிரிக்கலாம். அதற்கு மேல் விட்டுவைத்தால் பெற்றோரின் தோல் புண்படும். பிரித்த பின் பெற்றோருக்குச் சத்தான உணவும் ஓய்வும் தர வேண்டும்.

மின்தடையின்போது இயங்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருப்பது அவசியம். புதிதாக வாங்கிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். விற்பனையாகாத மீன்களை ஏரி, குளங்களில் விடுதல் கூடாது.

ஓர் இணையைக் கொண்டு தொடங்கி, ஓர் ஈட்டுக் குஞ்சுகளை முழுதாகக் கரைசேர்த்த பின் தொட்டிகளைப் பெருக்குவதே சிறு விவசாயிக்கு ஏற்ற வழியாகும்.