மூன்றில் ஒன்று எரியாதபோது

விளாத்திகுளம் வட்டத்துப் புதூரிலும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும் ஓடும் ஆல்ட்டோ, ஆம்னி போன்ற சிறு கார்களுள் பல 796 சிசி கொள்ளளவும் மூன்றே சிலிண்டர்களும் உடையவை என்பதால், ஒன்று எரியாமல் போனாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைந்து, வண்டி நின்ற நிலையில் குலுங்கவும் பாரம் ஏற்றினால் திணறவும் தொடங்குகிறது. பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ எனப்படும் இக்கோளாறு, சிலிண்டருக்குள் புகுந்த காற்று-பெட்ரோல் கலவை உரிய நேரத்தில் பற்றாமல் வீணாவதாகும். தீப்பொறி, எரிபொருள், கலவையை நெருக்கும் அமுக்கம் ஆகிய மூன்றில் எது தவறியது என்று அறியுமுன்பே பிளக், காயில், இன்ஜெக்டர் என ஒவ்வொன்றாகப் புதிது வாங்கி மாட்டுவதே பழுதைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கிறது.

நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுக்கு உட்பட்ட கார்களில், ஸ்டியரிங்கின் கீழ்ப்புறமுள்ள சாக்கெட்டில் சில நூறு ரூபாய் விலையுள்ள ஸ்கேனரைச் செருகிக் கைப்பேசியிலேயே பழுதுக்குறியீட்டைப் படிக்கலாம். ஒவ்வொரு எரிப்பும் கிராங்க் தண்டை உந்துவதால், அதன் சுழற்சி எந்த இடத்தில் தளர்கிறது என்பதைக் கொண்டு கணினி சிலிண்டரை அடையாளம் காண்கிறது. பி0301 முதலாம் சிலிண்டரையும் பி0302 இரண்டாம் சிலிண்டரையும் சுட்ட, பி0300 கோளாறு ஒன்றில் நில்லாமல் பரவியிருப்பதைக் காட்டும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், இன்ஜினை நிறுத்திவிட்டு முதலாவதன் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்தியபின் குறியீடும் பி0302 ஆக மாறினால் குற்றம் காயிலுடையது. மாறாவிடில் பிளக்கையும் அவ்வாறே இடம் மாற்றிப் பார்க்கலாம். பைசா செலவில்லாத இச்சோதனைக்கு இணையானது வேறில்லை. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையோ, பல்லாயிரம் வோல்ட் பாயும் இடமாதலால், இன்று கைவிடத்தக்கது.

கழற்றிய பிளக்கின் நுனி இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு சீரானது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகவோ பொறி நலிந்தோ இருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காலையில் மட்டும் மிஸ்ஸிங் தோன்றி வெயிலேற மறைந்தால் வெடித்த வயரில் ஈரம் புகுந்திருக்கக்கூடும் என்பதோடு, எலி கடித்த வயரையும் தேடுவது நல்லது.

கரிசல் புழுதியின்மீது பழி போடுவது எளிது. ஆனால் அடைபட்ட ஏர் ஃபில்டர் இழுவையைக் குறைக்குமேயன்றி, ஒற்றைச் சிலிண்டரை மட்டும் அணைப்பதில்லை. கிழிந்த ஃபில்டர் வழியே நெடுநாள் புகுந்த புழுதி பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்து அமுக்கத்தைக் குறைப்பதே மெய்யான கேடு, பிளக்கில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு அதன் அடையாளங்களுள் ஒன்று. அளவுமானி காட்டும் அமுக்கம் குறைவாயிருந்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டபின் அது உயர்ந்தால் தேய்ந்தவை வளையங்கள் எனவும், உயராவிடில் ஐயம் வால்வின்மீது எனவும் கொள்ளலாம். இரண்டுமே கோவில்பட்டிப் பட்டறைக்குரிய வேலைகள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னும் நிலையில் மட்டும் அங்கும் ஓட்டிச் செல்லலாகாது, ஏனெனில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் பற்றி, பிளக்கைவிடப் பன்மடங்கு விலையுள்ள அப்பகுதியை உருக்கிவிடக்கூடும்.