எண்ணூரில் அணைந்த அடுப்பு

விசையைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்கள் சுழல்கின்றன. இம்மின்சாரம் பிறக்கும் இடங்களை நாம் நினைப்பதில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1970-இல் தொடங்கிய அனல் மின் நிலையம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட்.

நிலக்கரியை மாவாகப் பொடித்துக் கொதிகலனுள் ஊதி எரிப்பார்கள். நீராவி டர்பைனைச் சுழற்றும். அதனுடன் இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தரும். கேட்க எளிதுதான்! ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு மூட்டை எரித்தால் முப்பது, நாற்பது மூட்டை சாம்பல் மிஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைகளுக்கு அனுப்புவார்கள்.

இயந்திரங்கள் முதுமையடைந்தன. 2017 மார்ச் 31-இல் நிலையம் மூடப்பட்டது. புகை நின்றது, சாம்பல் போகவில்லை. நம் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் பெறும் கொசஸ்தலையாறு எண்ணூரில்தான் கடலில் கலக்கிறது. அப்பகுதி அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்து கழிமுகம் மேடாகிவிட்டது, மீனும் இறாலும் குறைந்துவிட்டன என்பது மீனவர்களின் முறையீடு.

நமக்கு இது புதிதன்று. ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் குரோமிய உப்பைத் தயாரித்த ஆலையொன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு மலை, பூட்டுப் போட்ட பின்னும் ஆண்டுக்கணக்கில் மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது.