கன்றுக்குட்டியின் முதல் டெபாசிட்!

சீம்பால் என்றால் எனக்கு உயிர். வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டுத் தட்டில் வைத்தால்... கேக், புட்டிங் எல்லாம் க்யூவில் பின்னால் நிற்கவேண்டியதுதான்!

காங்கயம் பக்கம் பெரியம்மா வீட்டு ஜெர்ஸி கலப்பு மாடு கன்று போட்ட அன்று நான் அங்கே இருந்தது தற்செயல்தான் (நம்புங்கள்!). ராத்திரி பதினொரு மணிக்கு அழகான கிடேரிக் கன்று. "கொடி விழட்டும், அப்புறம் ஊட்ட விடலாம்" என்றார் பெரியப்பா. நஞ்சுக்கொடி விழுவதற்குள் விடிந்துவிட்டது. முதல் பாலைப் பெரியம்மா சொம்பு சொம்பாகக் கறந்து அடுப்பில் ஏற்றினார். மடியில் ஒட்டியிருந்ததைக் கன்று சப்பியது. 'சீம்பாலை ரொம்ப விட்டால் கன்றுக்குக் கழியும்' என்பது அந்த வீட்டுச் சட்டம்.

நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். சரி, பொய் எதற்கு... நாலு.

ஐந்தாம் நாள் கன்று கழிய ஆரம்பித்தது. தண்ணீராக. கண்கள் குழிவிழுந்து, காது தொங்கி, ஏழாம் நாள் போய்விட்டது. மாடு மூன்று நாள் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"சீமைக் கன்னே இப்படித்தானுங்க. நாட்டுக் கன்னைப் பாருங்க, அதும்பாட்டுக்கு வளருது" என்றார் பெரியப்பா, கன்றைக் காப்பாற்றப் போராடிய கால்நடை டாக்டரிடம்.

"நாட்டு மாடு எங்கே கன்னு போட்டுச்சு?"

"கொறங்காட்டுலீங்க. நாங்க போறதுக்குள்ள கன்னு எந்திரிச்சு ஊட்டிட்டு இருந்துச்சு."

"அப்படியே பார்த்திருந்தாலும் முதல்ல கறந்திருப்பீங்களா?"

"அதெப்படிங்க? கன்னு வாய் வெக்காம காங்கயம் மாடு பால் எறக்காதே!"

"அதான் விஷயம். ஜெர்ஸி இறக்கிடும், நீங்களும் கறந்துட்டீங்க!"

நான் பி.காம். என்று தெரிந்ததும் டாக்டர் எனக்குக் கணக்குப் பாஷையிலேயே விளக்கினார். மனிதக் குழந்தை அம்மா வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்களை வாங்கிக்கொண்டு, ஓரளவு 'ஓப்பனிங் பேலன்ஸ்' உடன்தான் பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடியோ அந்தப் புரதங்களை உள்ளே விடுவதில்லை. ஜெர்ஸியோ, ஹோல்ஸ்டீனோ, காங்கயமோ... பிறக்கும்போது எந்தக் கன்றுக்கும் பேலன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம்! போடவேண்டிய முதல் டெபாசிட்தான் சீம்பால்.

கவுன்ட்டர் திறந்திருக்கும் நேரமும் கம்மி. எதிர்ப்புப் புரதத்தை ஜீரணிக்காமல் முழுசாக ரத்தத்துக்கு அனுப்பும் சக்தி கன்றின் குடலுக்கு முதல் ஆறு மணி நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஷட்டர் டவுன். எங்கள் கன்றுக்குப் பாதி ராத்திரியும் கொடிக்குக் காத்திருந்தே போயிற்று. வேடிக்கை என்னவென்றால், கன்று முட்டி முட்டிக் குடித்தால் கருப்பை நன்றாகச் சுருங்கும். கொடி விழவும் அது உதவுமாம்!

"அப்ப ஜாதி வித்தியாசமே கிடையாதா டாக்டர்?"

உண்டு, சீம்பாலின் அடர்த்தியில். குடம் குடமாகக் கறக்கும் ஹோல்ஸ்டீன் சீம்பாலைவிட ஜெர்ஸி சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் பொதுவாக அதிகம். லிட்டருக்கு 50 கிராமாவது இருந்தால் நல்ல சரக்கு. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், கொடுக்கவேண்டும். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள்.

அப்புறமும் நிம்மதி கிடையாது. அம்மா கொடுத்த கையிருப்பு சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். கன்று சொந்தமாகச் சம்பாதித்துத் தேறுவதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் கழிச்சலும் நிமோனியாவும் வாசலில் காத்திருக்கின்றன. டெபாசிட்டே போடாத கன்று எதை வைத்துச் சமாளிக்கும்?

டாக்டர் கிளம்பும்போது போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். "சாதாரணப் பாலை எவ்வளவு வேகவெச்சாலும் துண்டு போட முடியாது சார். சீம்பால் கட்டியாகுதுன்னா, அந்தப் புரதம் அவ்வளவு இருக்குன்னு அர்த்தம்!"

அன்று சாப்பிட்ட துண்டுகள் நன்றாகவே கட்டியாக இருந்தன.

அடுத்த வருஷம் அதே மாடு. விடியற்காலை மூன்று மணிக்குக் கன்று. கொடியை எதிர்பார்க்காமல், தொப்புளில் டிங்சர் தடவிவிட்டு, கன்றைத் தூக்கிப் பிடித்து மடியில் சேர்த்தாராம் பெரியப்பா. நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு மறுநாள் போய் இறங்கினேன். கன்று தொழுவத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

"மிச்சத்தையும் கன்னுக்கே ஊட்டச் சொல்லிட்டாரு டாக்டரு" என்றார் பெரியம்மா. "ரெண்டு நாள் பொறு கண்ணு, பாத்துப் பண்ணித் தர்றேன்."

பொறுத்தேன். நாலாம் நாள் பாலில் வெல்லம், ஏலக்காய் எல்லாம் போட்டு வேகவைத்தார். மூடியைத் திறந்தால் சலசலவென்று ஆடியது, துண்டு போடுவதாவது!

டம்ளரில் ஊற்றி நீட்டினார்: "பாயசம்னு நெனச்சுக் குடி, சாமி!"