அம்பு பட்டும் அகப்படாத மான்

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி வழங்கும் பழமொழி. குடும்பப் பூசல் முதல் ஆபீஸ் விவகாரம் வரையில் அதை எடுத்தாளாதவர் இலர். ஆயினும், மெய்யாகவே வில்லெடுத்து அம்பு எய்தவன் ஒருவனை நம்முள் எத்தனை பேர் கண்டிருப்போம்? அத்தகைய இளைஞன் ஒருவனைப் பற்றியும், அவன் எய்த அம்பு எழுப்பிய கேள்வியைப் பற்றியும் இம்மாதம் எழுதப் புகுந்தோம்.

மண்டி மொஹல்லாவில் நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. பாட்டனார் காலத்தில் சேலத்துப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி மைசூருக்கு வந்தவர்கள். அவ்வீட்டு மூத்த மகன் இப்பொழுது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலையாயிருக்கிறான். உடன் வேலை செய்வோரின் பழக்கத்தால் அவனுக்கு வில் வேட்டையில் நாட்டம் உண்டாயிற்று. அந்நாட்டில் அது சட்டம் இடங்கொடுத்த செயல். அக்டோபர் 1 ஆம் தேதி தொடங்கும் பருவத்தில், உரிமம் பெற்றவர் வில்லால் மானை வேட்டையாடலாம். முதல் இரண்டு ஆண்டுகளும் அவன் வெறுங்கையோடு திரும்பினான். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் அந்தி வேளையில் அவன் விட்ட அம்பு ஒரு மானின் மேல் பட்டது. மான் ஓடிவிட்டது. இரவு முழுதும் விளக்கொளியில் தேடினான், மறுநாளும் தேடினான், காணவில்லை.

“அப்பா, அது செத்துக் கிடப்பதைக் கண்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எங்கே கிடந்து வருந்துகிறதோ என்பது தெரியாமல் உறக்கம் வரவில்லை. வில்லை எடுத்து வைத்துவிடட்டுமா?” என்று அவன் தந்தைக்கு எழுதினான்.

செய்தி கேட்ட உற்றார் மூன்று விதமாகப் பேசினர். ‘நம் குலத்தில் பிறந்தவனுக்கு வேட்டை எதற்கு?’ என்றார் ஒருவர். ‘காட்டில் எதுவும் வீண்போவதில்லை, நரியோ பருந்தோ தின்று பசியாறியிருக்கும்’ என்றார் மற்றொருவர். ‘இறைச்சிக் கடையில் அன்றாடம் ஆயிரம் உயிர் போகிறது, ஒரு மானுக்கா இத்தனை கலக்கம்?’ என்றார் மூன்றாமவர். மூன்றும் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டவையே. ஆனால் பையன் கேட்ட கேள்விக்கு ஒன்றும் விடையாகவில்லை. கொல்வது பாவமா அன்றா என்று அவன் கேட்கவில்லை. புண்படுத்திவிட்டுத் தொலைத்துவிட்ட ஓர் உயிருக்குத் தான் பட்ட கடன் என்ன என்பதே அவனுடைய கேள்வி.

முதலில், இது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிவோம். அம்பு துப்பாக்கிக் குண்டு போன்றதன்று. குண்டு அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்பின் அலகோ உள்ளே அறுத்துக் குருதியை வடியச் செய்தே உயிரைப் போக்கும். நெஞ்சறையில் பாய்ந்தால் மான் சிறிது தூரத்திலேயே விழுந்துவிடும். ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால், பல நாழிகை உயிரோடு அலையும். தசையை மட்டும் கிழித்துச் சென்றால், பிழைத்தும் போகலாம்.

இதில் எய்பவனின் கைத்திறம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சிறு கணக்குண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்வது. இக்காலத்தில் கப்பிகள் வைத்துச் செய்யப்படும் வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு 300 அடி அளவே செல்லும். மான் 40 கஜத் தொலைவில், அதாவது 120 அடியில் நிற்பதாகக் கொள்வோம். நாண் விடுபட்ட ஓசை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அதன் செவியை எட்டிவிடும். அம்பு போய்ச் சேர நொடியில் பத்தில் நான்கு பங்கு ஆகும். இடையிலுள்ள அந்தக் கணத்தில் மான் ஓடுவதற்காக உடலைத் தாழ்த்திவிடுகிறது. குறி நெஞ்சாயிருந்தும் அம்பு முதுகில் படுவது இதனால்தான். ஆகவே, தேர்ந்த வில்லாளிகள் பலர் வெகு தொலைவில் நிற்கும் மானை, அதிலும் செவி நிமிர்த்தி நிற்கும் மானை, எய்யத் துணிவதில்லை.

தேர்ந்தவர்க்கும் தவறுவதுண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக் கடற்படைத் தளம் ஒன்றில் 1989 முதல் 2006 வரை வில் வேட்டைக்குக் கணக்கெழுதி வந்தனர். குறிபார்த்து எய்யும் தேர்வில் வென்றவர்க்கே அங்கு இடம் கிடைத்தது. அவ்வாறிருந்தும், அம்பு பட்ட 908 மான்களில் 162 கைக்கு வரவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு! வேட்டையில் புகுபவன் இந்த எண்ணை முதலிலேயே அறிந்து புகவேண்டும். தனக்கு மட்டும் நேர்ந்த விதி என்று எண்ணி மனமுடைவதும் பிழை. எல்லோர்க்கும் நேர்வதுதானே என்று தோளைக் குலுக்கிப் போவதும் பிழை.

தேடுவதற்கென்று ஒரு முறை வேட்டைக்காரரிடையே உண்டு. மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அம்பு கிடைத்தால் அதில் படிந்த குருதியைப் பார்க்க வேண்டும். நுரைத்த செந்நிறமாயின் நுரையீரலில் பட்டது. கருஞ்சிவப்பாயின் ஈரலில் பட்டது. பசுமை கலந்து நாற்றமடித்தால் வயிற்றில் பட்டது. வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் அது வெகுதூரம் ஓடிவிடும். பல மணி நேரம் பொறுத்திருந்து சென்றால், முதலில் படுத்த இடத்திலேயே பெரும்பாலும் கிடக்கும். துடிப்புள்ள இளைஞர்க்கு இந்தப் பொறுமையே மிகவும் கடினம். வழியில் காணும் ஒவ்வொரு துளிக்கும் அடையாளமாக ஒரு காகிதத் துண்டை விட்டுச் செல்வர். தடம் அற்றுப்போனால் கடைசித் துளிக்கே திரும்பி வந்து, அதைச் சுற்றி வட்டமிட்டுத் தேடுவர். மோப்பம் பழக்கிய நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திக் காண்பதும் உண்டு. ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு நாயினத்தை வளர்த்து வருகின்றனர். அந்த ஜெர்மனியில் மானை அம்பால் எய்யச் சட்டம் இடங்கொடுப்பதில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும்.

புண்பட்ட விலங்கைத் தொடர்ந்து செல்லும் கடமை மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. நம் அகப்பொருள் மரபில் ‘கெடுதி வினாதல்’ என்று ஒரு துறையே உண்டு. தினைப்புனம் காக்கும் பெண்களிடம் தலைவன் வந்து, தன் கையினின்று தப்பிய விலங்கு அவ்வழி வந்ததுண்டோ என்று கேட்பான். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலும் இத்தகைய வினா வருகிறது. திருக்கோவையாரில் யானையை வினாவுவதும் கலைமானை வினாவுவதும் தனித்தனித் துறைகளாகவே உள்ளன. அவன் தேடி வந்தது விலங்கையன்று, தலைவியையே என்பதைத் தோழி அறிவாள். படிக்கும் நாமும் அறிவோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்தச் சாக்கு ஏன் செல்லுபடியாயிற்று? அம்பு தைத்த விலங்கை மலை மலையாகத் தேடி, எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டுச் செல்வது வேட்டுவரின் இயல்பான ஒழுக்கமாயிருந்ததால்தான். வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சாக்காகச் சொன்னால் யார் நம்புவர்?

தசரதன் கதையும் நாம் அறிந்ததே. நீர் மொள்ளும் ஓசையை யானை என்று எண்ணி இருளில் அம்பை விட்டான். காணாமல் எய்தது அவன் குற்றம். ஆயினும் ஓலம் கேட்டதும் அவன் ஓடி ஒளியவில்லை. அம்பு பட்ட இடத்துக்குச் சென்றான், சாகும் சிறுவனைக் கண்டான், கண்ணிழந்த பெற்றோரிடம் தானே நடந்துபோய் உண்மையைச் சொன்னான், சாபத்தையும் ஏற்றான். எய்தவன் எய்த இடம் வரையில் போகவேண்டும் என்பதே அக்கதை நமக்குச் சொல்லும் நீதி.

முயலை வீழ்த்திய அம்பினும் யானைக்குத் தப்பிய வேலே சிறந்தது என்று வள்ளுவர் கூறவில்லையா என்று சிலர் கேட்கலாம். அது படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் உள்ளது. ஆங்குப் பேசப்படுவது போர்க்களத்து வீரம். புதரோரம் மேயும் மானின்மேல் அந்தப் பெருமையை ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

இனி நம் மைசூருக்கு வருவோம். இந்நகரில் வான் இங்கன் குடும்பத்தார் 1900 ஆம் ஆண்டளவில் தொடங்கி நூற்றாண்டின் இறுதிவரையில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினர். மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலிகள் உயிருள்ளவை போன்று உருப்பெற்று இங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றன. அவர்கள் கைப்பட்ட புலி, சிறுத்தைகளின் தொகை 43,000க்கும் மேல் என்பர். கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இந்த எண்ணைக் கண்டதும் வேறொரு எண்ணம் தோன்றுகிறது. அந்தப் பேரேட்டில் ஏறியவை கைக்கு வந்தவை மட்டுமே. குண்டு பட்டு, புதரில் மறைந்து, யாரும் பின்தொடராமல் விடப்பட்டவை எந்த ஏட்டிலும் இல்லை. அந்தப் பற்றைக் காடு தன் கணக்கிலே எழுதிக்கொண்டது.

சில வேளைகளில் அந்தக் கணக்கு ஊரார் தலையிலும் விழுந்தது. 1907 இல் ஜிம் கார்பெட் குமாவோன் மலையில் சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்ற புலி அது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. என்றோ, எவனோ சுட்ட குண்டின் விளைவு அது. இயல்பான இரையைக் கொல்ல மாட்டாமையால் மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்பது கார்பெட்டின் முடிவு. புலிகள் ஆட்கொல்லியாவதற்குப் பெரும்பாலும் புண்களே காரணம் என்றும், அஜாக்கிரதையாகச் சுட்டுவிட்டுத் தொடர்ந்து போகாமையால் விளையும் புண்களும் அவற்றுள் அடங்கும் என்றும் அவர் எழுதினார். சுட்டவன் மாலையில் தேநீர் பருகி மறந்திருப்பான். கடனை அடைத்தவர்கள் விறகு பொறுக்கப் போன பெண்கள்.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. கொல்வதை மட்டுமன்றிக் காயப்படுத்துவதையும், அதற்கு முயல்வதையும்கூட அது வேட்டை என்றே கொள்கிறது. விலங்கு கைக்கு வந்ததா இல்லையா என்று அது கேட்பதில்லை.

அந்த இளைஞனுக்கும் இதையே சொல்லத் தோன்றுகிறது. முதலாவது, அந்த மானை அவன் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு மானே உரிமை என்றால், அந்த உரிமை தீர்ந்தது என்று கொண்டு அப்பருவத்தில் வில்லைத் தொடலாகாது. நேர்மையான வேட்டைக்காரர் பலர் இதைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்கின்றனர். இரண்டாவது, நடந்ததை ஒளிக்காமல், அனுபவமுள்ளவர்களிடம் அடி முதல் நுனி வரையில் சொல்ல வேண்டும். தொலைவு மிகுதியா, வெளிச்சம் குறைவா, துரத்தியது அவசரமா என்பது அப்பொழுதே விளங்கும். மூன்றாவது, அடுத்த பருவம் வரையில் வைக்கோற் குறியில் பழகி, எத்தனை கஜத்தில் பத்துக்குப் பத்தும் தவறாமல் படுகின்றனவோ அதையே தன் எல்லையாகக் கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையேல், வில்லை எடுத்து வைத்துவிடலாம். அதில் அவமானம் ஏதுமில்லை. உறக்கம் வராததை ஒரு நோயாக எண்ணி வருந்தவும் வேண்டாம். புண்பட்ட உயிருக்காக உறக்கம் கெடுபவனிடம்தான் வில்லை நம்பிக் கொடுக்கலாம்.

தந்தையார் இக்கருத்துக்களையே மகனுக்கு எழுதினார் என்று அறிந்தோம். அவன் அவ்வாண்டு மீண்டும் வேட்டைக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு போவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

இதைப் படிக்கும் நம்மில் பலரிடம் வில் இல்லை. ஆனால் வண்டி உண்டு. விடுமுறை நாட்களில் குண்டுலுபேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியே உதகைக்குச் செல்கிறோம். விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்கவே 2009 முதல் அச்சாலையில் பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பகலில் அந்தக் காவல் நம் பொறுப்பு. மெதுவாகச் செல்வது முதற்கடமை. அதையும் மீறி ஒரு புள்ளிமான் வண்டியில் பட்டு, நொண்டிக்கொண்டே புதருக்குள் மறைந்தால், ‘ஓடிவிட்டது, பிழைத்துக்கொள்ளும்’ என்று சொல்லிப் போய்விடலாகாது. காட்டுக்குள் இறங்கித் தேடுவது ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம். ஆனால் இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, நடந்ததைச் சொல்ல முடியும். தேடுவதற்குத் தெரிந்தவர்கள் தேடுவார்கள். பத்து நிமிஷம் தாமதமாகும். இரண்டு வார்த்தை கடுமையாகக் கேட்கவும் நேரலாம். அவ்வளவையும் பொறுத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவதே முறை.